இருநூறு நானோமீட்டருக்குக் கீழே

ஒளி மைக்ரோஸ்கோப்பின் பழைய எல்லை உடைந்துவிட்டது. அதனால் ஆராய்ச்சிக்கு உண்மையில் என்ன லாபம்?

பொன்முடி மலையின் பெயர் உயிரியல் ஏடுகளில் ஏறியது தவளைகளால். 2005ல் எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிராங்கி போஸ்யூட்டும் அந்த மலையிலிருந்து இரண்டு புதிய புதர்த் தவளை இனங்களை உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். ஒன்றுக்கு மலையின் பெயரையே சூட்டினார்கள். அந்த மாதிரி வேலைக்கு டார்ச் விளக்கு, கூர்மையான காது, இரவெல்லாம் மழையில் நனையத் தயாரான உடம்பு ஆகியவை முக்கியம். மீதியைச் சாதாரண லென்ஸ் பார்த்துக்கொள்ளும்.

அதே மலைக்குப் போகும் சாலையில், நெடுமங்காடு தாண்டி, விதுராவில் வேறுவித உயிரியல் நடக்கிறது. 2008ல் திருவனந்தபுரத்தில் தற்காலிக இடத்தில் தொடங்கிய இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம், சுருக்கமாக ஐசர், இப்போது பொன்முடி அடிவாரத்தில் பெரிய வளாகமாக நிற்கிறது. இங்கே போன்ற ஆய்வுக்கூடங்களில் ஆராய்ச்சிப் பொருள் தவளை அல்ல. தவளையின் செல், செல்லுக்குள் புரதம், புரதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு புரதம். இத்தகைய எந்த நிறுவனத்திலும் உயிரியலாளர்களின் விருப்பப் பட்டியலில் ஒரு கருவி தவறாமல் இடம் பிடிக்கிறது: சூப்பர் ரெசல்யூஷன் மைக்ரோஸ்கோப். விலை கோடிக் கணக்கில். வாங்கினால் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு விற்பனைப் பிரதிநிதிகள் காட்டும் பதில், வண்ண வண்ணமான படங்கள். அது போதுமான பதில் இல்லை.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்க்கலாம். பொன்முடிச் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். மேலேயிருந்து பார்ப்பவருக்கு, கீழே கல்லார் பக்கம் தொலைவில் வரும் பஸ்ஸின் இரண்டு ஹெட்லைட்டுகளும் ஒரே வெளிச்சமாகத்தான் தெரியும். பஸ் நெருங்கிய பிறகே அது இரண்டாகப் பிரியும். மைக்ரோஸ்கோப்பில் நெருங்கிப் போக முடியாது. ஒளி ஓர் அலை என்பதால், எவ்வளவு நல்ல லென்ஸ் போட்டாலும் ஒரு புள்ளி புள்ளியாகவே விழாது. சற்றுப் பரந்த பொட்டாகத்தான் விழும். இரண்டு பொட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்துவிட்டால் இரண்டு என்று சொல்ல வழியில்லை. ஜெர்மனியில் யேனா நகரத்தில் கார்ல் சைஸுடன் வேலை செய்த எர்ன்ஸ்ட் ஆபே 1873லேயே இதைக் கணக்காக எழுதிவிட்டார். ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதி, அதாவது சுமார் 200 நானோமீட்டர். அதற்குக் கீழே பார்வை இல்லை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். யேனாவில் ஆபேயின் நினைவுக் கல்லில் அந்தச் சூத்திரத்தைச் செதுக்கியே வைத்திருக்கிறார்கள்.

உயிரியலுக்கு இது அநியாயமான இடத்தில் போட்ட கோடு. டெங்கு வைரஸின் குறுக்களவு சுமார் 50 நானோமீட்டர். ஒரு நரம்பு செல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளி 20. ஒரு சாதாரணப் புரத மூலக்கூறு ஐந்து, பத்து. வாழ்க்கையின் வேலைகள் பெரும்பாலும் நடப்பது கோட்டுக்குக் கீழேதான். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் 1930களிலேயே வந்து இந்தக் கோட்டைத் தாண்டியது உண்மை. ஆனால் வழக்கமான எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் செல்லைக் கொன்று, பதப்படுத்தி, மெல்லிய சீவலாக அறுத்து, காற்றில்லாத குழாய்க்குள் வைக்க வேண்டும். உருவம் அற்புதமாகத் தெரியும். அந்த உருவத்தில் எது எந்தப் புரதம் என்று சொல்வது கஷ்டம். ஒளிரும் சாயம் ஏற்றி, வேண்டிய புரதத்தை மட்டும் பச்சையாகவோ சிவப்பாகவோ மின்ன வைப்பது ஒளி மைக்ரோஸ்கோப்பின் தனிச் சலுகை. அந்தச் சலுகையை விடாமல் கோட்டைத் தாண்ட முடியுமா என்பதுதான் நூற்றாண்டுக் கேள்வியாக இருந்தது.

தாண்டியவர்களில் இரண்டு பேர் ஏறக்குறைய ஆராய்ச்சி உலகத்துக்கு வெளியே நின்றவர்கள். ருமேனியாவில் பிறந்து ஜெர்மனியில் படித்த ஸ்டெஃபான் ஹெல், சொந்த நாட்டில் சரியான இடம் அமையாமல் பின்லாந்தின் துர்க்கு நகரத்தில் இருந்தபோது 1994ல் யான் விக்மனுடன் ஒரு யோசனையை வெளியிட்டார். ஒரு லேசர் ஒளிர வைக்கட்டும். உளுந்து வடை வடிவத்தில் நடுவே ஓட்டை உள்ள இன்னொரு லேசர், சுற்றியுள்ள எல்லாவற்றையும் அணைக்கட்டும். ஓட்டையில் அகப்பட்ட சின்னஞ்சிறு இடம் மட்டும் மின்னும். அதை வைத்து வரிவரியாகத் துழாவினால் படம். ‘ஸ்டெட்’ என்று பெயர் பெற்ற இந்த முறையைச் செல்லில் செய்து காட்ட 2000 ஆண்டு ஆனது.

அமெரிக்காவின் எரிக் பெட்ஸிக் கதை இன்னும் விசித்திரம். பெல் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறி, அப்பாவின் மெஷின் டூல் கம்பெனியில் சில ஆண்டுகள் வேலை செய்து, அதையும் விட்டவர். 2005ல் நண்பர் ஹரால்ட் ஹெஸ்ஸின் வீட்டுக் கூடத்தில் இருவரும் சேர்ந்து ஒரு மைக்ரோஸ்கோப்பைக் கட்டினார்கள். அவர்கள் தந்திரத்தைப் பொன்முடி பஸ்ஸை வைத்தே சொல்லலாம். இரண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து எரிந்தால்தானே குழப்பம்? இடது விளக்கு எரியும்போது வலது அணைந்திருக்கட்டும். அப்போது விழும் பரந்த பொட்டின் நடு மையத்தைக் குறித்துக்கொள்ளலாம். பிறகு வலது எரியட்டும்; அதன் மையத்தையும் குறிக்கலாம். ஆயிரக்கணக்கான புரதங்களை இப்படிச் சிலசிலவாகக் கண் சிமிட்ட வைத்து, மையங்களை மட்டும் ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்தால், சுமார் 20 நானோமீட்டர் வரை துல்லியம் கிடைக்கும். புரதங்களை இப்படி ஏற்றி அணைக்க முடியும் என்பதை 1997ல் கவனித்தவர் வில்லியம் மோர்னர். பெட்ஸிக் கட்டுரை வெளியான அதே 2006ல் ஹார்வர்டின் ஸியாவ்வெய் ஜுவாங் சாயங்களை வைத்து இதே வகை முறையைச் செய்து காட்டினார். 2014ல் வேதியியல் நோபல் பரிசு ஹெல், பெட்ஸிக், மோர்னர் மூவருக்கும் பகிரப்பட்டது. ஜுவாங்குக்கு இடம் கிடைக்கவில்லை; நோபலில் மூன்று நாற்காலிதான். மூன்றாவது பாதை ஒன்றும் உண்டு. மாட்ஸ் குஸ்தாஃப்ஸன் 2000ல் கொண்டுவந்த கோட்டு ஒளி முறை. துல்லியம் இரண்டு மடங்குதான் கூடும், ஆனால் உயிருள்ள செல்லை அதிகம் வாட்டாது. அன்றாட ஆராய்ச்சிக்கு இது மிகவும் ஒத்துவரும் முறை; ஆனால் பரிசுப் பேச்சில் அடிபடுவதில்லை.

சரி, இவ்வளவும் எதற்குப் பயன்பட்டது?

சந்தேகமில்லாத ஓர் உதாரணம் நரம்புகளில் கிடைத்தது. நரம்பு செல்லிலிருந்து நீளும் இழையை, அதாவது ஆக்ஸானை, எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பல பத்தாண்டுகளாகப் பார்த்து வந்தார்கள். 2013ல் ஜுவாங் குழு புதிய முறையில் பார்த்தபோது, ஆக்ஸானின் உள்சுவரில் ஆக்டின் என்ற புரதம் பீப்பாய்க்குப் பூட்டிய இரும்பு வளையங்கள் போல வரிசையாக நிற்பது தெரிந்தது. வளையத்துக்கும் வளையத்துக்கும் இடைவெளி சுமார் 190 நானோமீட்டர். நடுவே ஸ்பெக்ட்ரின் என்ற புரதம் ஸ்பிரிங் மாதிரி. பழைய கோடு 200; வளையங்களின் இடைவெளி 190. மயிரிழையில் தப்பியிருந்த ஓர் அமைப்பு.

இந்தியாவுக்கு இதில் பங்கு உண்டு. வளையங்கள் இருப்பது தெரிந்துவிட்டது, அவை என்ன வேலை செய்கின்றன? பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையத்தின் பிரமோத் புல்லார்கட், புனே ஐசரின் அர்ணப் கோஷ் ஆகியோரின் குழுக்கள் பாரிஸ் விஞ்ஞானி ஒருவருடன் சேர்ந்து 2020ல் பதில் சொன்னார்கள். கோழிக் கருவின் நரம்பு இழையை மெல்லிய கண்ணாடி இழையால் இழுத்துப் பார்த்தார்கள். ஸ்பெக்ட்ரின் மடிப்பு விரிந்து இழுவிசையைத் தாங்கிக்கொள்கிறது, வண்டியின் ஷாக் அப்சார்பர் போல. கை காலை நீட்டி மடக்கும்போதெல்லாம் நரம்புகள் அறுந்து போகாமல் இருப்பதற்கு இது ஒரு விளக்கம். இங்கே கவனிக்க வேண்டியது, கேள்வியைக் கொடுத்தது சூப்பர் ரெசல்யூஷன். பதிலைக் கொடுத்தது கண்ணாடி இழை.

மூளையில் இன்னொரு உதாரணம். தீபக் நாயர் பிரான்சின் போர்தோ நகரில் தானியல் ஷோக்கே குழுவில் இருந்தபோது 2013ல் வெளியான ஆய்வு அது. நரம்பு செல்கள் சந்திக்கும் இடத்தில் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஏற்பிப் புரதங்கள் பரவிக் கிடப்பதாகவே நினைத்திருந்தார்கள். அவை சுமார் 70 நானோமீட்டர் அளவில், இருபது இருபதாகக் கொத்துக் கொத்தாக நிற்கின்றன என்று தெரிந்தது. கொத்துகள் நிலையானவையும் அல்ல. கலைகின்றன, புதிதாகச் சேர்கின்றன. ஏற்பிகளின் மொத்த எண்ணிக்கை மாறாமலே, அவை எங்கே குவிகின்றன என்பதை மாற்றினால் செய்தியின் வலிமை மாறும். ஞாபகம் எப்படி உருவாகிறது என்ற கேள்விக்கு இது ஒரு புதிய பிடி. பிறகு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்த நாயர், அல்ஸைமர் நோயுடன் தொடர்புள்ள அமிலாய்ட் முன்னோடிப் புரதத்தை இதே கண்ணோட்டத்தில் ஆராய்ந்து வருகிறார்.

ஆனால் பெங்களூரிலேயே எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது. செல்லின் மேல்சவ்வில் சில புரதங்கள் மிகச் சிறிய கும்பல்களாகச் சேர்கின்றன என்று தேசிய உயிரியல் விஞ்ஞான மையத்தின் சத்யஜித் மேயரும் அவருடைய மாணவர் ரஜத் வர்மாவும் 1998ல் அறிவித்தார்கள். 2004ல் அதே மையம் கணக்கை இன்னும் இறுக்கியது: கும்பல் என்றால் அதிகபட்சம் நான்கு மூலக்கூறுகள். அப்போது சூப்பர் ரெசல்யூஷன் கருவி எதுவும் அவர்கள் மேஜையில் இல்லை. இரண்டு ஒளிரும் மூலக்கூறுகள் சில நானோமீட்டர் அருகில் வந்தால் ஒன்றின் ஒளிச் சக்தி மற்றதற்குத் தாவும். அப்போது ஒளியின் அதிர்வுத் திசை குழம்பும். அந்தக் குழப்பத்தை அளந்தே கண்டுபிடித்தார்கள். படத்தில் கும்பல் தெரியவே இல்லை, எண்ணில் தெரிந்தது. இந்திய உயிரியலின் சிறந்த வேலைகளில் ஒன்று இப்படித்தான் நடந்தது என்பதை, புதுக் கருவிக்கு விண்ணப்பம் எழுதும் ஒவ்வொருவரும் ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

படத்தை நம்பினால் வரும் ஆபத்துக்கும் உதாரணம் இருக்கிறது. உடம்பின் எதிர்ப்பு சக்திக்குப் பொறுப்பான டி செல்களின் ஏற்பிகள், செல் சும்மா இருக்கும்போதே தீவுகளாகக் கூடி நிற்கின்றன என்று 2010ல் அமெரிக்க ஆய்வு ஒன்று கூறியது. தடுப்பு சக்தி எப்படி விழித்துக்கொள்கிறது என்ற விளக்கத்துக்கே அது அடித்தளமாகப் போகிறது என்று பேசப்பட்டது. 2018ல் வியன்னாவில் கெர்ஹார்ட் ஷூட்ஸ் குழு மறுத்தது. ஏற்பிகள் அங்கங்கே தாறுமாறாகச் சிதறித்தான் இருக்கின்றன என்பது அவர்கள் முடிவு. எங்கே கோளாறு? கண் சிமிட்டும் மூலக்கூறு ஒரு முறை சிமிட்டிவிட்டு ஓய்ந்துவிடுவதில்லை. ஒரே மூலக்கூறு பல முறை மின்னும். ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி வைத்தால், ஒற்றை ஆள் கூட்டமாகத் தெரிவான். தேர்தலில் இதற்குக் கள்ள ஓட்டு என்று பெயர். கம்ப்யூட்டர் கணக்கில் இதை வடிகட்ட வழிகள் இருக்கின்றன. ஆனால் வடிகட்டத் தெரிந்தவர் ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டும்.

சாயம் ஏற்றுவதிலும் ஒரு சிக்கல். வேண்டிய புரதத்தைப் பிடிக்க ஓர் ஆன்டிபாடி, அதன் மேல் சாயத்தோடு இன்னொரு ஆன்டிபாடி என்று ஏற்றுவது வழக்கம். இரண்டும் சேர்ந்தால் இருபது நானோமீட்டர் வரை நீளும். 20 நானோமீட்டர் துல்லியத்துக்குக் கோடிக் கணக்கில் செலவழித்துவிட்டு, விளக்கையே 20 நானோமீட்டர் தள்ளி மாட்டினால் என்ன பயன்? ஒட்டகக் குடும்பத்து விலங்குகளின் ரத்தத்தில் உள்ள குட்டி ஆன்டிபாடிகளை இதற்காகவே இப்போது பயன்படுத்துகிறார்கள். கருவி வாங்கும் பட்ஜெட்டில் இந்தச் சில்லறைச் சமாச்சாரங்களுக்கு இடம் ஒதுக்க மறந்துவிடுவது நம் வழக்கம்.

பொன்முடி அடிவாரம் போன்ற இடத்துக்கு வேறு கவலைகளும் உண்டு. இரண்டு பருவமழையும் மலையில் மோதிக் கொட்டும் பிரதேசம். காற்றில் ஈரம் தங்கினால் லென்ஸில் பூஞ்சை படரும். மேல் பூச்சை அரித்துவிட்டால் துடைத்துப் பயனில்லை. பழைய கல்லூரி மைக்ரோஸ்கோப்புகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தச் சிலந்திவலைக் கோடுகள் பழக்கமானவை. சூப்பர் ரெசல்யூஷன் கருவிக்கு அறையின் வெப்பமும் மாறக் கூடாது. ஒரு படம் எடுக்க நிமிடக் கணக்கில் ஆகும்; அதற்குள் உலோகப் பாகம் லேசாக விரிந்தால் படம் சில பத்து நானோமீட்டர் நகர்ந்துவிடும். ஏர்கண்டிஷனர் இரவும் பகலும் ஓட வேண்டும், ஆனால் அதன் காற்று கருவி மேல் படக் கூடாது. கரண்ட் போய் வந்தால் எல்லாம் மறுபடி ஒரு நிலைக்கு வரச் சில மணி நேரம் பிடிக்கும். லேசர் பழுதானால் வெளிநாட்டிலிருந்து உதிரிப் பாகம் வர வேண்டும். வாங்கும் பணம் ஒரு முறை கிடைக்கும். பராமரிப்புப் பணம் வருடா வருடம் கிடைக்காது. மூடி போட்டு வைத்த விலை உயர்ந்த கருவிகள் நம் பல்கலைக்கழகங்களில் அபூர்வமான காட்சி அல்ல.

பகிர்ந்துகொள்வதுதான் யதார்த்தமான வழி. அரசுப் பணத்தில் வாங்கிய கருவிகளை மற்ற நிறுவனத்தாரும் முன்பதிவு செய்து பயன்படுத்த ஐ-ஸ்டெம் என்ற தேசிய ஏற்பாடு 2020 ஜனவரியில் பெங்களூரில் தொடங்கி வைக்கப்பட்டது. ஏட்டளவில் நல்ல யோசனை. ஆனால் உயிருள்ள செல்லை ரயிலில் எடுத்துக்கொண்டு போவது லேசான காரியமா? பதப்படுத்திய ஸ்லைடு போகும். துடிக்கும் நரம்பு செல் போகாது. ஆகவே பதப்படுத்திய செல்லுக்கு வெளியூர்ப் பெரிய கருவி, உயிருள்ள செல்லுக்கு உள்ளூரில் குஸ்தாஃப்ஸன் வழியிலான சாதுவான கருவி என்று பிரித்துக்கொள்ளும் நிறுவனம் புத்திசாலி.

இதற்கு நடுவே, கருவியையே தொடாத ஒரு குறுக்கு வழி 2015ல் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எட் பாய்டனும் அவருடைய மாணவர்கள் ஃபெய் சென், பால் டில்பெர்க் இருவரும் கேட்டது எளிய கேள்வி: மைக்ரோஸ்கோப்பைச் சரி செய்வதற்குப் பதில் பொருளையே பெரிதாக்கினால் என்ன? குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும் பொருள் சோடியம் பாலிஅக்ரிலேட். செல்லுக்குள் அதை வலையாக வளர்த்து, சாயப் புள்ளிகளை வலையோடு கட்டி, செல்லின் மற்ற சமாச்சாரங்களைக் கரைத்துவிட்டு, தண்ணீர் விட்டார்கள். ஜவ்வரிசி ஊறுவது போல நாலரை மடங்கு பருத்தது. 70 நானோமீட்டர் இடைவெளி 300ஐத் தாண்டிவிடும். சாதாரண மைக்ரோஸ்கோப் போதும். உயிருள்ள செல்லுக்கு இது ஆகாது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பருத்ததா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். ஆனால் ரசாயனங்கள் மலிவு, பொறுமையுள்ள மாணவர் எங்கும் கிடைப்பார்.

நோயாளிக்கு நேரடியாகப் பயன்படக் கூடியதும் இந்த வழிதான். சில குழந்தைகளுக்கு முகமும் காலும் வீங்கி, சிறுநீரில் புரதம் இறங்கும். சிறுநீரக வடிகட்டியின் செல்களில் உள்ள நுண்ணிய விரல் போன்ற பாதங்கள் சப்பையாகிவிடுவது அதற்கு ஒரு காரணம். சாதாரண மைக்ரோஸ்கோப்பில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். உறுதியாகச் சொல்ல எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும், அது எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் கிடையாது. 2017ல் பாய்டன் குழுவும் ஹார்வர்ட் நோய்க்குறியியல் நிபுணர்களும் பயாப்ஸித் துணுக்கைப் பருக்க வைத்து, அந்தப் பாதங்களை ஒளி மைக்ரோஸ்கோப்பிலேயே பார்த்தார்கள். நம் ஊரில் இது ஆஸ்பத்திரிக்குள் வர வேண்டுமானால், ஒரே நோயாளியின் துணுக்கை இரண்டாக்கி, ஒன்றை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கும் மற்றதைத் தண்ணீரில் பருக்க வைக்கவும் அனுப்பி, இரண்டு முடிவும் ஒத்துப்போகின்றனவா என்று நூற்றுக் கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் புதிய லேசர் எதுவும் தேவையில்லை. மெடிக்கல் காலேஜின் நோய்க்குறியியல் துறையும் பக்கத்து ஊர் ஆய்வுக்கூடமும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் போதும்.